ஒரு பிடி பஞ்சு

அவள் பெயர் எனக்குத் தெரியும். சொல்லப்போவதில்லை. செத்துப்போனவளுடைய பிள்ளைகுட்டிகள் எங்கேயாவது நன்றாக இருந்துவிட்டுப் போகட்டும். மில்லில் நாங்கள் அவளைக் கேட்டக்கா என்றுதான் கூப்பிட்டோம். ஷிப்டு முடிந்து வெளியே வரும் பெண்களைக் கேட்டில் நிறுத்தித் தடவிப் பார்த்து அனுப்புவது அவள் வேலை. முந்தானை முடிச்சில் நூல்கண்டு, கொண்டைக்குள் பாபின் என்று கம்பெனிச் சொத்து எதுவும் வெளியே போய்விடக் கூடாதே! ஆண்களைத் தடவ ஒரு மீசைக்காரன் இருந்தான். எங்களுக்கு அவள்.

தடவிப் பார்க்கிறவளை யாருக்காவது பிடிக்குமா? எங்களுக்குப் பிடித்தது. இன்றைக்கும் என் வயிற்றெரிச்சல் அதுதான்.

பெங்களூர்க் குளிரில் சாயங்கால ஷிப்டு விடும்போது கேட்டில் இருந்த தகரத் தடுப்பு சில்லிட்டுக் கிடக்கும். ஒவ்வொருத்தியையும் தொடுவதற்கு முன்னால் அவள் இரண்டு உள்ளங்கைகளையும் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கிக்கொள்வாள். "ஜில்லுன்னு இருக்கும் கண்ணு, ஒரு நிமிசம் இரு" என்பாள். பின்னால் வரிசை முணுமுணுக்கும். "இருங்கடி, உங்க புருசனுங்க எங்கயும் ஓடிட மாட்டானுங்க" என்று ஒரு அதட்டல் போட்டுவிட்டு மறுபடியும் தேய்ப்பாள். விடிந்ததிலிருந்து மேஸ்திரியின் வசவைத் தின்றுவிட்டு வருகிறவர்கள் நாங்கள். நம்மைத் தொடுவதற்காக ஒருத்தி கையைச் சூடாக்கிக்கொள்கிறாள் என்பதே எங்களுக்குப் பெரிய சீராட்டாக இருந்தது.

அது யுத்த காலம். எங்களுக்கு ஸ்ரீராம்புரத்தில் ஒற்றை அறை. அப்பா இல்லை. அம்மாவுக்கு இழுப்பு நோய். நான் வைண்டிங்கில், அதாவது நூல் சுற்றும் பிரிவில், நின்று சம்பாதித்தால்தான் அம்மாவுக்கும் இரண்டு தங்கைகளுக்கும் அடுப்பு எரியும். எனக்குக் கல்யாணமாகவில்லை. எங்கள் பிரிவில் கல்யாணமாகாதவர்கள் குறைவு. அதனால் கேட்டக்காவுக்கு என்மேல் தனிப் பிரியம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவளும் எங்களைப் போல ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள்தான்.

இனி ஒரு விஷயத்தைப் பச்சையாகச் சொல்லித்தான் ஆகவேண்டும். வெட்கப்பட்டால் அவளைப் பற்றி ஒன்றுமே சொல்ல முடியாது. நாள் முழுக்க நூல் சுற்றுகிற எங்கள் வீடுகளில், மாதாமாதம் அந்த நாட்களுக்குக் கிழித்து வைத்துக்கொள்ள ஒரு பழந்துணி கிடையாது. துணியெல்லாம் பட்டாளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. கடையில் ரேஷன். புடவை கிழிந்தால் தைத்துத் தைத்துக் கட்டினோமே தவிர, கிழித்துப் போட மனசு வருமா? இருந்த ஒன்றிரண்டு துண்டுகளைத் துவைத்தாலும் காயப்போட வழியில்லை. தீட்டுத்துணி ஆண்கள் கண்ணில் படக்கூடாது. எங்கள் சந்தில் கொடி கட்டினால் தெருவே பார்க்கும். விறகுக்குப் பின்னால், பாயின் அடியில் ஒளித்து வைத்தால் தூறல் நாட்களில் அது காயவே காயாது. ஈரத்தோடு எடுத்துக் கட்டிக்கொண்டு ஷிப்டு முழுக்க மெஷின் முன்னால் நின்றால் தொடையெல்லாம் புண்ணாகிவிடும். அந்தப் புண்ணோடு வீட்டுக்கு நடப்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிகிறது.

எங்களுக்கு இருந்த ஒரே கதி மெஷினுக்கு அடியில் விழும் வேஸ்ட் பஞ்சு. ஒரு பிடி எடுத்து, கந்தலில் சுற்றி வைத்துக்கொண்டால் மெத்தென்று இருக்கும். துவைக்க வேண்டாம், அடுப்பில் போட்டுவிடலாம். ஆனால் கம்பெனிச் சட்டப்படி அதுவும் திருட்டு. பிடிபட்டால் வேலை போகும். கேட்டக்கா அந்த ஒரு பிடியை விட்டுவிடுவாள்.

விடுவது மட்டுமா? அதற்கும் ஒரு சீர் செய்வாள். இடுப்பில் பஞ்சு கையில் தட்டுப்பட்டால் விரலால் நசுக்கிப் பார்ப்பாள். "எண்ணெ வேஸ்ட்ட ஏண்டி எடுத்தே? அரிச்சிப் பூடும். நாளைக்கு வெள்ளையா பாத்து எடு" என்று காதோடு சொல்வாள். ரத்தம் அதிகமாகப் போகிறவளிடம், "முருங்கக்கீரை தின்னு, சும்னே இருக்காதே" என்பாள். யாராவது ஆசைப்பட்டு ஒரு நூல்கண்டைச் சேர்த்து வைத்திருந்தால் மட்டும் அவள் முகம் மாறிவிடும். "பஞ்சு உன் ஒடம்புக்கு. நூலு உன் கொழுப்புக்கு" என்று பிடுங்கிக் கூடையில் எறிவாள். "என் கைக்குக் கண்ணு உண்டு, வாய் கிடையாது" என்பது அவள் அடிக்கடி சொல்கிற வாக்கு. யார் முழுகாமல் இருக்கிறாள், யாருக்குக் கலைந்தது, எவள் முதுகில் புருஷனின் பெல்ட் தடம் இருக்கிறது, எல்லாம் அவள் கைக்குத் தெரியும். சந்துக்குச் சந்து வம்பு பேசும் எங்கள் பேட்டையில் அவள் வாயிலிருந்து ஒரு பெண்ணின் பேச்சு வெளியே வந்ததாக யாரும் கேட்டதில்லை.

ஒருநாள் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற புதுப் பெண்ணுக்குப் புடவையெல்லாம் கறையாகிவிட்டது. பாவம், அவளுக்கே தெரியாது. அந்தப் பக்கத்து ஆண்கள் கேட்டிலிருந்து ஒருத்தன் சீட்டி அடித்தான். கேட்டக்கா தன் தோளில் இருந்த கம்பளியை உருவி அந்தப் பெண்ணின் இடுப்பில் சுற்றிவிட்டாள். பிறகு தடுப்பைத் தாண்டிப் போய், சீட்டி அடித்தவனைப் பார்த்து, "உங்கம்மா உன்னப் பன்னீர்லயாடா பெத்தா?" என்று கேட்டாள். கேட்டே அடங்கிப் போயிற்று. அன்றைக்குக் குளிரில் வெறும் ஜாக்கெட்டோடு நின்றே எங்கள் எல்லோரையும் அனுப்பினாள். அவளுக்காக உயிரைக் கொடுக்கலாம் என்று வீட்டுக்குப் போகும் வழியில் நான் ராஜாமணியிடம் சொன்னேன். ராஜாமணி எனக்குப் பக்கத்து மெஷின்காரி, எங்கள் சந்துதான். அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வேகமாக நடந்தாள். அது ஏன் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

பிள்ளை பெறும் காலத்துக்கு வேலைக்காரிக்குச் சம்பளம் தரவேண்டும் என்று மைசூர் சர்க்காரில் சட்டம் வந்திருந்த சமயம் அது. சட்டம் வந்த பிறகு எங்கள் பிரிவில் ஒரு அதிசயம் நடந்தது. நூல் அறுந்தது, லேட்டாக வந்தாள், எதிர்த்துப் பேசினாள் என்று ஏதாவது ஒரு சாக்கில் ஒருத்தி ஒருத்தியாக வேலை டிக்கெட்டைப் பிடுங்கி வெளியே அனுப்பினார்கள். போனவளை இரண்டு மூன்று மாதம் கழித்துச் சந்தையில் பார்த்தால் வயிறும் பிள்ளையுமாக நிற்பாள். அவளுக்கே முழுசாகத் தெரிவதற்குள் ஆபீசுக்கு எப்படித் தெரிந்தது? மேஸ்திரிதான் மோப்பம் பிடிக்கிறான் என்று நாங்கள் முடிவு கட்டினோம். அவன் வாயும் அதற்குத் தோதான வாய்தான். அவன் போகும் வழியில் மண்ணை வாரித் தூற்றினோம். நானும் இரண்டு கை வாரித் தூற்றினேன்.

ராஜாமணி ஒருநாள் பாத்ரூம் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துவிட்டு வந்தாள். சாயங்காலம் பார்த்தால் இடுப்பில் ஒரு பிடி பஞ்சு செருகுகிறாள். "வாந்தி எடுக்கிறவளுக்கு இது எதுக்குக்கா?" என்று சிரித்தேன். "வெளக்கு தொடைக்க" என்றாள். நானும் நம்பினேன். எனக்கு அந்த வயதில் எதையும் நம்பத் தெரிந்திருந்தது.

அந்த வருஷம் அரிசி கண்ணில் படவில்லை. ராகி வாங்க வரிசையில் நின்று நின்று அதுவும் கால்வாசிதான் கிடைத்தது. அம்மாவுக்கு இழுப்பு அதிகமாகிப் படுத்துவிட்டாள். தங்கைகளுக்குக் களியைக் கொடுத்துவிட்டு நான் களி வெந்த தண்ணீரைக் குடித்துவிட்டு மில்லுக்குப் போவேன். எனக்கு மாதக் குளியல் நின்றுபோயிற்று. முதல் மாதம் கவலைப்பட்டேனா என்றால், இல்லை. சனியன் விட்டது என்று சந்தோஷப்பட்டேன். துணி தேட வேண்டாம், ஒளித்துக் காயவைக்க வேண்டாம், புண் இல்லை. அடுத்த மாதமும் வரவில்லை. சாமிக்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

"ஏண்டி கண்ணு, ரொம்ப நாளா உன் இடுப்புல ஒண்ணும் மாட்டல?" என்று கேட்டக்கா காதோடு கேட்டாள்.

"நின்னு போச்சிக்கா. நிம்மதியா இருக்கேன்" என்றேன்.

அவள் கை என் வயிற்றில் ஒரு கணம் நின்றது. பிறகு கன்னத்தைத் தட்டி, மடியிலிருந்து ஒரு வெல்லக்கட்டி எடுத்துக் கொடுத்தாள். "யாருகிட்டயும் சொல்லிக்காத" என்றாள். என் அம்மாவிடம்கூட நான் சொல்லவில்லை. அந்த வெல்லத்தை உடைத்துத் தங்கைகளுக்குக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை காலை என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். மேஜைக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா தலையை நிமிர்த்தவே இல்லை. "பசுரிகெ இல்லி கெலச இல்லா" என்றான். பசுரி என்றால் கன்னடத்தில் கர்ப்பிணி; கர்ப்பிணிக்கு இங்கே வேலை இல்லை என்கிறான். பெங்களூரில் வளர்ந்த எனக்கு அது புரியாதா? ஆனால் என்னைத்தான் சொல்கிறான் என்பது புரிய நேரமாயிற்று. எனக்குக் கல்யாணமே ஆகவில்லை என்று தமிழில் கத்தினேன், கன்னடத்தில் கத்தினேன். "அதைத்தான் கம்பெனியும் கேக்குது" என்று பக்கத்து மேஜைக்காரன் தமிழில் சொல்லிச் சிரித்தான்.

வெளியே மேஸ்திரி நின்றிருந்தான். அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். அவன் என் கையைத் தட்டிவிடவில்லை. "என் மேல மண்ணு வாரித் தூத்தினீங்களே, நானா சொன்னேன்? உங்க வயித்தத் தொட்டுப் பாக்கறவன் நானா? சனிக்கிழமை தோறும் கேட்டச் சாத்திட்டு ஆபீசுக்குள்ள போறவ யாருன்னு போய்க் கேளு" என்றான்.

கேட்கப் போனேன். மில்லுக்குப் பின்னால் கம்பெனி லைனில் அவளுக்கு ஒரு வீடு கொடுத்திருந்தார்கள். ஓடு போட்ட வீடு. வாசலில் உட்கார்ந்து, ஊறின அவரைக்கொட்டையைத் தோல் போகப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். "வா கண்ணு. கையக் கழுவிட்டு வந்து நீயும் ரெண்டு பிதுக்கு" என்றாள். இல்லை என்று சத்தியம் பண்ணுவாள், பொய் என்று தெரிந்தாலும் நம்பிவிடலாம் என்ற நினைப்போடுதான் போயிருந்தேன்.

"என்னப் பத்தி ஆபீஸ்ல சொன்னது நீயாக்கா?"

"நான்தான்" என்றாள். பிதுக்குவதை நிறுத்தவில்லை. "ஒரு பிடி பஞ்சு வெளிய போவுதே, அது ஆபீசுக்குத் தெரியாம போவுதுன்னு நெனச்சிக்கினியா? தெரிஞ்சிதான் உட்டாங்க. பஞ்சு போனா போவட்டும், எவளுக்கு நின்னுச்சின்னு மட்டும் வந்து சொல்லிடுன்னாங்க. நான் முடியாதுன்னா வேற ஒருத்திய நிறுத்துவாங்க. அவ பஞ்சையும் புடுங்குவா, பேரையும் சொல்லுவா. எத்தினி பேரு புண்ணோட நடக்கிறது?"

"எனக்குப் பட்டினியில நின்னுச்சிக்கா. நீ தொட்டுப் பாத்தியே, என் வயித்துல இன்னா இருந்துச்சி?"

"ஒண்ணும் இல்ல. காஞ்ச வயிறு எதுன்னு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சேவா சொன்னே?"

"இன்னா பண்ணச் சொல்றே? ரெண்டு மாசமா ஒருத்தியும் மாட்டல. முழுகாம இருக்கிறவகூட நாள் தவறாம பஞ்சு செருகிக்கினு வர்றா. நீ மறைக்கிறேன்னு மானேஜர் என்மேல பாயறாரு. யாரு பேரையாவது குடுத்தாவணும். புருசங்காரி பேரக் குடுத்தா அவன் வந்து கேட்டுல கல்லெறிவான். உனக்குக் கேக்க யாரு இருக்கா?" அவள் குரலில் கோபம் இல்லை, வருத்தம்கூட இருந்தது. "தாயும் புள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேற கண்ணு. இந்த வூட்ட விட்டா எனக்கும் போக்கிடம் இல்ல. நீயும்தான் அசடு. சும்னாவாச்சும் ஒரு பிடி எடுத்தாந்திருக்கக் கூடாதா? ராஜாமணி பண்றாளே."

நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே, அது இவ்வளவு சாந்தமாக நடக்கும் என்று எனக்குத் தெரியாது. வயிறு வெளியே தெரியும்வரை இப்படி நாளைக் கடத்திவிட்டால், பிறகு சட்டத்துக்குப் பயந்து ஆபீஸ் கை வைக்காது. அதற்குத்தான் ராஜாமணி பஞ்சு செருகினாள். வைண்டிங்கில் கல்யாணமானவர்கள் எல்லோருக்கும் கேட்டக்காவின் சங்கதி எப்போதோ தெரிந்திருக்கிறது. ஒருத்தியும் அவளை எதிர்த்துக் கேட்கவில்லை. எதிர்த்தால் பஞ்சு போய்விடும். கல்யாணமாகாதவளுக்கு இது எதற்கு என்று நினைத்து என்னிடம் யாரும் சொல்லவில்லை.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? நான் வீட்டுக்குப் போவதற்குள் செய்தி சந்துக்குள் போயிருந்தது. படுத்திருந்த அம்மா எழுந்து உட்கார்ந்து, "யாருடி அவன்?" என்று கேட்டாள். வேலை போனதைவிட, குமாஸ்தா சிரித்ததைவிட, அந்தக் கேள்வி என்னைக் கொன்றது. தங்கைகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அம்மா பாதி நம்பினாள். நம்பாத பாதியோடு, தன் பங்குக் களியையும் எனக்கே ஊட்டினாள். வேலியில் கிடைத்த முருங்கைக்கீரையெல்லாம் பறித்து வரச் சொல்லி வேகவைத்துக் கொடுத்தாள். தினமும் காலையில் என் பாயைப் புரட்டிப் பார்ப்பாள்.

ஒருநாள் காலை பாயில் கறை இருந்தது. அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையில் அவளுக்கு இழுப்பு வந்துவிட்டது. இழுப்பு நின்று மூச்சு நிதானித்ததும் எழுந்தாள். என் துணியை வாங்கினாள். துவைக்கவில்லை. வாசலுக்கு வந்து, நட்டநடுச் சந்தில், எதிர்வீட்டு ஜன்னலுக்கும் எங்கள் கூரைக்கும் கொடி கட்டி, கறையோடு அதை விரித்துப் போட்டாள். எங்கள் பேட்டையில் ஒருத்தியும் செய்யாத காரியம். ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். பெண்கள் "கருமம், கருமம்" என்று கதவைச் சாத்தினார்கள். "ஏன் சாத்துறீங்க? நல்லா பாருங்கடி. எம்பொண்ணு தீட்டுடி இது" என்று அம்மா கத்தினாள். அன்று மத்தியானமே அதற்கும் பதில் வந்துவிட்டது. கலைத்துவிட்டார்களாம். கலைத்த ரத்தத்தைக் கொடியில் போட்டு நாடகம் ஆடுகிறார்களாம்.

அப்போதுதான் அம்மா சொன்னாள்: "கேட்டுக்கார அம்மா ஒரு வார்த்த சொன்னா இந்தச் சந்து நம்பும். வா." எனக்கு விருப்பமில்லை. ஆனால் அம்மா சொன்னது உண்மை. அவள் கையை எங்கள் பேட்டையே நம்பியது.

சாயங்காலம் சங்கு ஊதியதும் போய், கேட்டுக்குள் நுழைந்து பெண்கள் வரிசையில் நின்றுகொண்டேன். வரிசையில் முக்கால்வாசிப் பேர் எங்கள் பேட்டைக்காரிகள். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. அம்மா தகரத் தடுப்பைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க நின்றாள். என் முறை வந்தது. கேட்டக்காவுக்கு முன்னால் போய்க் கையைத் தூக்கினேன்.

"தொட்டுப் பாத்துச் சொல்லும்மா" என்றாள் அம்மா. "வேலை வேணாம் தாயே. எம்பொண்ணு வயித்துல ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இருந்ததில்லன்னு இவங்க காதுல விழுற மாதிரி ஒரு வார்த்த சொல்லு. நல்ல பேரு மட்டும் போதும்."

கேட்டக்கா என்னைப் பார்த்தாள். ஆபீஸ் ஜன்னலைப் பார்த்தாள். அங்கே குமாஸ்தா நின்றிருந்தான். அவள் கைகள் என் பக்கம் கொஞ்சம் வந்த மாதிரிகூட இருந்தது. பிறகு இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வேலையில இல்லாதவளத் தொட எனக்கு ஆர்டர் இல்ல" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. "வழிய விடு. அடுத்தவ வா."

எனக்குப் பின்னால் நின்றவள் ராஜாமணி. அவளாவது வாயைத் திறப்பாள் என்று திரும்பிப் பார்த்தேன். அவள் என் தோளை மெல்ல ஒதுக்கிவிட்டு முன்னால் போய்க் கையைத் தூக்கினாள்.